வேலை கிடைத்துவிட்டது, பட்டத் திகதிதான் கிடைக்கவில்லை: என் போஸ்ட்டொக் அனுபவம்

பிஎச்டி முடிக்கும் தறுவாயில் இருக்கிற நம்மூர்ப் பிள்ளைகளுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பட்டம் எந்தத் திகதியிலிருந்து செல்லும் என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். எஃபெக்டிவ் டேட் என்று கந்தோரில் சொல்வார்களே, அதுதான். பட்டமளிப்பு விழா வரட்டும் என்று இருந்துவிடாதீர்கள். ஜேர்மனியில் எனக்குக் கிடைத்த போஸ்ட்டொக் வேலை (பிஎச்டிக்குப் பிறகு செய்கிற ஆய்வு வேலை, என்னுடையது கடலும் காலநிலையும் பற்றியது) அந்த ஒரு திகதிக்காகக் கையை விட்டுப் போகப் பார்த்தது. இப்போது விசா கையில் இருக்கிறது, ஆனாலும் அந்த மாதங்களை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது.

விளம்பரம் பார்த்தது, ஆய்வுத் திட்டம் எழுதியது, பரிந்துரைக் கடிதங்கள் போனது எல்லாம் சிக்கலில்லாமல் நடந்தன. 2024 ஏப்ரல் தொடக்கத்தில் சூமில் நேர்காணல். இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். மார்ச் கடைசி ஞாயிறன்று ஐரோப்பாவில் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளுவார்கள். அதுவரை நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், அதற்குப் பிறகு மூன்றரை. மின்னஞ்சலில் வந்த நேரத்தை மனக்கணக்காக மாற்றாமல் இலங்கை நேரத்தைக் கேட்டு உறுதிப்படுத்தினேன், அது நல்லதாகப் போயிற்று. கரன்ட் விஷயத்தில் பயம் இருந்தது. திருகோணமலை உப்புவெளியில் சித்தப்பா நடத்துகிற கெஸ்ட் ஹவுஸில் ஜெனரேற்றர் இருப்பதால் அங்கே ஒரு அறையில் இருந்துதான் பேசினேன். சீசன் இன்னும் சூடு பிடிக்காத நேரம் என்பதால் சத்தமும் இல்லை.

நேர்காணலில் பாதி நேரம் ஒரே விஷயத்தில் போனது. அட்லாண்டிக் கடலில் வெந்நீரை வடக்கே கொண்டுபோய்க் குளிர்நீராக ஆழத்தில் திருப்பி அனுப்புகிற பெரிய சுழற்சி இருக்கிறதல்லவா, அமொக் என்று சுருக்கமாகச் சொல்வது. அது ஓர் எல்லையைத் தாண்டிச் சரிந்துவிடுமா என்ற கேள்விதான் இந்தத் துறையில் எல்லோருடைய வாயிலும் இருந்தது. பீற்றர் டிட்லெவ்சன், சுசான டிட்லெவ்சன் இருவரும் 2023இல் வெளியிட்ட கட்டுரை, 2025க்கும் 2095க்கும் இடையில் அது நடக்கலாம் என்று கணக்கிட்டிருந்தது. “இந்தக் கணக்கை நீங்கள் நம்புகிறீர்களா?” என்று நேரடியாகவே கேட்டார்கள்.

நான் சொன்ன பதிலை இங்கேயும் எழுதுகிறேன், உங்களுக்கும் இதே கேள்வி வரலாம். டிப்பிங் பொயின்ட் என்கிற அந்தச் சரியும் எல்லையை நெருங்கும் ஒரு தொகுதி சின்னக் குலுக்கலிலிருந்து மீண்டு வர முன்பை விடக் கூடுதல் நேரம் எடுக்கும். அப்போது தரவின் ஏற்ற இறக்கமும் கூடும், இன்றைய மதிப்புக்கும் நேற்றைய மதிப்புக்கும் உள்ள ஒட்டுறவும் கூடும். இந்த இரண்டு அறிகுறிகளைத்தான் அந்தக் கட்டுரை தேடுகிறது. தத்துவம் சரி. ஆனால் அந்தக் கட்டுரை 1870 முதலான கடல் மேற்பரப்பு வெப்பநிலையை வைத்துக் கணக்கிடுகிறது. அந்தக் காலத்தில் கப்பலிலிருந்து வாளியை இறக்கி நீர் எடுத்துத்தான் வெப்பநிலை அளந்தார்கள். கப்பல் போன பாதையில் மட்டும்தான் தரவு இருக்கும். பிற்பாடு மிதவைகள் வந்தன, செய்மதிகள் வந்தன. அளக்கும் முறை மாறினாலே ஏற்ற இறக்கமும் மாறும். அதைக் கடலின் மாற்றம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. சுழற்சியை நேரடியாகத் தொடர்ந்து அளப்பதோ 26.5 பாகை வட அகலக்கோட்டில் 2004இலிருந்துதான். ஆகவே ஆபத்து உண்மையானது, ஆண்டு குறித்துச் சொல்வதை மட்டும் ஏற்கமாட்டேன் என்றேன். வங்கக்கடல் தரவில் இதே சிக்கலை என் ஆய்வேட்டில் எப்படிப் பிரித்துப் பார்த்தேன் என்று ஒரு வரைபடத்தையும் காட்டினேன். அந்த வரைபடம்தான் என்னைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். ஒரே ஒரு நல்ல வரைபடத்தைத் திரையில் திறந்தபடி வைத்திருங்கள்.

அட்லாண்டிக்குக்கும் உங்கள் ஊருக்கும் என்ன தொடர்பு என்றும் கேட்டார்கள். இதற்கு நான் தயாராகவே இருந்தேன். அந்தச் சுழற்சி நின்றால் வெப்பமண்டல மழைப் பட்டை தெற்கே நகரும் என்றுதான் மாதிரிகள் காட்டுகின்றன. கிண்ணியாவிலும் மூதூரிலும் தம்பலகாமத்திலும் பெரும்போகம் வடகீழ்ப் பருவமழையை நம்பித்தான் நடக்கிறது. அந்த மழைக்கு என்ன ஆகும் என்று பார்ப்பதுதான் என் திட்டம். எங்கள் கரையோரத்துப் புறாத்தீவின் முருகைக்கற்களையும் (பவளப்பாறைகள்) சொன்னேன். சூடான கடல்களின் முருகைக்கற்கள் தாங்கும் எல்லை சுமார் 1.5 பாகை செல்சியஸ் உலக வெப்ப உயர்வு என்று 2022இல் வந்த மதிப்பாய்வு சொல்கிறது. நேர்காணல் நடந்த அதே ஏப்ரலில்தான் உலகின் நான்காவது பெரும் முருகைக்கல் வெளிறலையும் அறிவித்தார்கள். எனக்கு இது தூரத்து விஷயமே இல்லை.

வேலை தருகிறோம் என்ற மின்னஞ்சல் சீக்கிரமே வந்தது. அப்புறம்தான் சோதனை.

ஜேர்மனியில் ஆய்வாளர் சம்பளப் படி பெரும்பாலும் ஈ13. பட்டத்துக்கு ஆதாரம் இல்லாமல் ஒப்பந்தம் போடமாட்டார்கள். வெளிநாட்டுப் பட்டங்களை ஜேர்மனி மதிப்பிடுகிற அனபின் தரவுத்தளத்தில் உங்கள் பல்கலைக்கழகம் எச் பிளஸ், அதாவது அங்கீகரிக்கப்பட்டது, என்று இருக்கிறதா என்று விண்ணப்பிக்க முன்னரே பாருங்கள். என்னுடையது இருந்தது. ஆனால் சான்றிதழ் இல்லை. வைவா என்கிற வாய்மொழித் தேர்வு முடிந்து, திருத்தங்கள் கொடுத்து, மூதவையும் (செனட்) பட்டத்தை அங்கீகரித்துவிட்டது. பட்டமளிப்பு விழாவோ அடுத்த வருஷம். “பட்டம் வழங்கப்பட்டுவிட்டது என்று திகதியோடு ஒரு கடிதம் போதும்” என்றார்கள் அங்கே. ஒரு கடிதம்தானே என்று நானும் நினைத்தேன்.

மே தொடக்கத்தில் பல்கலைக்கழகங்களில் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியது. இரண்டு மாதத்துக்கு மேல் இழுத்தது. அவர்கள் கேட்டது நியாயமான சம்பளம், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் கந்தோர் திறக்கிற வரைக்கும் ஜேர்மனிக்கு என்ன எழுதுவது? வாரா வாரம் நிலைமையைச் சொல்லி எழுதிக்கொண்டே இருந்தேன். செய்தி இணைப்புகளையும் அனுப்பினேன். அவர்கள் பொறுத்தார்கள், தொடங்கும் திகதியையும் தள்ளி வைத்தார்கள். மௌனமாக இருந்திருந்தால் அடுத்த ஆளிடம் போயிருப்பார்கள்.

வேலைநிறுத்தம் முடிந்த கையோடு விடியற்காலை பஸ்ஸில் வெளிக்கிட்டுப் போனேன். உயர்பட்டப் பிரிவில் இருந்தவர் கோப்பைத் திறக்கவே இல்லை.

“கொன்வகேஷனுக்கு முதல் நாங்க அப்பிடி எழுதிக் குடுக்கிறேல்ல மிஸ்.”

“மூதவை அங்கீகரிச்சது எழுத்தில இருக்குத்தானே அண்ணா?”

“அது உள்ள இருக்கிற பேப்பர். வெளிய குடுக்கேலாது.”

கடைசியில் ஒரு கடிதம் அடித்துத் தந்தார். தேவையான தகைமைகளைப் ‘பூர்த்தி செய்துள்ளார்’ என்று மட்டும் இருந்தது. திகதி இல்லை. பழைய யாருடையதோ கடிதத்தின் மேல் என் பெயரை அடித்ததால் துறையும் வேறாக இருந்தது. திருத்தச் சொன்னால், கையெழுத்து வைக்கிறவர் லீவு, வேறு யாரும் வைக்கமுடியாது என்றார். ஒரு நாள் பயணம், பஸ் காசு, எல்லாம் வீண். திரும்பி வரும்போது கந்தளாய் தாண்டும் வரைக்கும் ஒரு வார்த்தை பேசமுடியவில்லை.

அடுத்த முறை முன்னேற்பாடாகப் போனேன். என் மேற்பார்வையாளர் ஒரு வழி சொன்னார், இது எல்லோருக்கும் உதவும். “கடிதம் தாருங்கள்” என்று கேட்காமல், வேண்டிய வாசகத்தை நாமே எழுதி, மூதவைக் கூட்டத்தின் இலக்கத்தையும் திகதியையும் குறிப்பிட்டு, துறைத்தலைவரின் கையொப்பத்தோடு சிரேஷ்ட உதவிப் பதிவாளருக்கு நேரே விண்ணப்பிப்பது. ஜேர்மனியிலிருந்து வந்த மின்னஞ்சலையும் அச்செடுத்து இணைத்தேன். பதிவாளர் அம்மா மூதவைக் கூட்டக் குறிப்பை எடுத்து, அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்து நகர்த்தி நகர்த்தி என் பெயரைக் கண்டுபிடித்தார். “இது எப்பவோ தந்திருக்கவேண்டிய கடிதம் மகள்” என்றார். ‘வழங்கப்பட்டுள்ளது’ என்ற சொல்லும், திகதியும், கற்கை மொழி ஆங்கிலம் என்ற வரியும் இருந்தன. முத்திரை காய்வதற்குள் ஃபோனில் படம் எடுத்து அந்த வாசலிலேயே நின்று அனுப்பினேன்.

பெயர் விஷயத்தையும் சொல்லவேண்டும். கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கும். பல்கலைக்கழகம் முதலெழுத்தோடு நிறுத்திவிடும். அங்கே இருப்பவர்களுக்கு அது இரண்டு ஆட்கள் மாதிரித் தெரியும். கடிதத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடியே முழுப்பெயர் போடச் சொல்லுங்கள். பழைய பட்டச் சான்றிதழ்களுக்கு நான் இரண்டும் ஒருவரே என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்தேன். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடமே கொடுங்கள், பெயரின் எழுத்துக்கூட்டல் கடவுச்சீட்டோடு ஒத்துப்போகிறதா என்று அவர் கையெழுத்திட முன்னர் சரிபாருங்கள்.

விசாவுக்கு இரவு ரெயினில் கொழும்பு போய் வந்தேன், அது ஒழுங்காக முடிந்தது. ஆய்வாளர் விசாவுக்கு வேலை ஒப்பந்தத்தோடு, உங்களை ஆய்வாளராக ஏற்கிறோம் என்று நிறுவனம் தருகிற ஏற்பு ஒப்பந்தமும் இருந்தால் நல்லது. அதை நிறுவனத்திடம் நீங்களே ஞாபகப்படுத்திக் கேளுங்கள். மருத்துவக் காப்புறுதியில் ஒரு இடைவெளி வரும்: அங்கே போய் இறங்கும் நாளுக்கும் ஒப்பந்தம் தொடங்கும் நாளுக்கும் இடையில் உள்ள நாட்கள். அதற்குத் தனியாகப் பயணக் காப்புறுதி எடுக்கவேண்டும். பல்கலைக்கழகம் தந்த பட்டக் கடிதத்தின் மூலப்பிரதியை யாரிடமும் விட்டுவிடாதீர்கள். உறுதிப்படுத்திய பிரதிகளைக் கொடுங்கள், மூலப்பிரதி உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும்.