கம்பிக்கு வெளியே

சாலை வரைபடம் போடுவதுதான் என் பிழைப்பு. புதுச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத் தெருவுக்குப் பிளாட்பாரம் வரைந்து கொடுத்தது நான்தான். சாலை விதிகளை வகுக்கும் இந்திய சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பின் விதிப்படி நடக்க மட்டும் 1.8 மீட்டர் விட்டேன். பிள்ளைகள் ரோட்டில் இறங்கிவிடக் கூடாது என்று ஓரத்தில் நீளத்துக்கும் கம்பி. காகிதத்தில் அம்சமாக இருந்தது.

வேலை முடிந்த பிறகு ஒரு நாள் பள்ளி விடும் நேரத்தில் போய் நின்றேன். எங்கள் தொழிலில் டூவீலர், ஆட்டோ, பஸ் என்று நோட்டில் கோடு கிழித்து வண்டிகளைத்தான் எண்ணுவோம். நடக்கிறவர்களை எண்ணச் சொல்லி என்னிடம் யாரும் கேட்டதில்லை. மணி அடித்தது. பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேர் என் கம்பிக்கு வெளியே, வண்டிகளுக்கு நடுவே போனார்கள்.

பேத்தியின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு பாட்டி வந்தார். பிளாட்பாரத்தில் ஒரு காலை வைத்தார், முட்டியைப் பிடித்தார், காலை எடுத்துவிட்டார்.

"ஏன் பாட்டி, மேலே போகலையா?"

"ஏறினா அங்க கரண்ட் பொட்டி நிக்குது தம்பி. மறுபடி இறங்கணும். அப்புறம் எதுக்கு ஏறுவானேன்?"

டேப்பை வைத்தேன். 30 சென்டிமீட்டர் உயரம். விதி 15-ஐத் தாண்டக் கூடாது என்கிறது, நான் வரைந்ததும் 15தான். ஆனால் பழைய வாய்க்கால் சுவரின் மேலேயே ஸ்லாபை உட்கார வைத்திருந்தார்கள். அந்தச் சுவரின் மட்டத்தை நான் நேரில் வந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. கம்பிக்குள் நுழைந்தால் அடுத்த சந்து வரைக்கும் வெளியே வர வழியும் வைக்கவில்லை. பெட்டியை ஒட்டி ஒரு ஸ்கூட்டி நின்றால் போதும், பாதை அங்கேயே முடிந்தது.

இன்னொன்று வெயில். இந்த ஊர்த் தமிழ் வீடுகளில் திண்ணைக்கு முன்னால் தெருப் பக்கம் தாழ்வாரம் இறங்கும். 2008-இல் யுனெஸ்கோ விருது வாங்கிய வைசியாள் வீதியில் இன்றும் பார்க்கலாம். போகிற வருகிறவனுக்கு வீட்டுக்காரன் கொடுத்த நிழல் அது. என் வரைபடத்தில் நிழலுக்கு ஒரு கோடு கூட இல்லை.

ஆபீசில் சொன்னேன். "ஒரு வேகத்தடை போட்டுட்டா சரியாப் போச்சு" என்றார் மேலதிகாரி. நம் ஊர் வேகத்தடை தெரியும்தானே, முதுகெலும்பைக் கேட்கும். 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் என்று விதியில் இருப்பது வேறு சாமான்: 25 கிலோமீட்டரில் போகிறவனுக்கு வலிக்காது, பறக்கிறவனுக்குத்தான் வலிக்கும். நான் கேட்டது வேறு. பள்ளி வாசலில் ரோட்டைக் கடக்கிற ஜீப்ரா கோடு போட்ட இடத்தையே பிளாட்பார மட்டத்துக்குத் தூக்க வேண்டும், பிள்ளை இறங்க வேண்டாம், வண்டி ஏறி இறங்கட்டும்.

அது இன்னும் ஃபைலில் இருக்கிறது. வாசலுக்கு எதிரே கம்பியை மட்டும் அறுத்து, ஏற ஒரு சரிவு போட்டுக் கொடுத்தார்கள். போன வாரம் பார்த்தேன். பாட்டி சரிவில் ஏறி, கரண்ட் பெட்டி வரை மேலே நடந்து, அங்கே பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் இறங்கினார்.