பாம்பன் பாலமும் மூன்றாம் படியும்

ப்ளஸ் ஒன்னில் கிளைக்காலைசிஸின், அதாவது செல் குளுக்கோஸைச் சிதைக்கும் பாதையின், பத்துப் படிகளையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பேன். தேர்வில் கேட்டதோ, "செல்லில் ஏடிபி நிறைந்திருந்தால் குளுக்கோஸ் சிதைவு என்ன ஆகும்?" ஏடிபி என்பது செல்லின் ஆற்றல் நாணயம், அதுவரை தெரியும். அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் ராமநாதபுரத்திலிருந்து பாம்பனுக்குத் திரும்பும்போது ரயில் மண்டபத்தில் நின்றுவிட்டது. பழைய பாலத்தில் வண்டி ஓடிய காலம். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் கிடைக்காது. எதிரே மீன்கூடையோடு இருந்த பெரியம்மா சொன்னார்: "காத்து அடங்காது போல, எறங்கி பஸ்ஸப் பிடி தாயி. பாலத்துல ஏறிட்டா அப்புறம் எங்கிட்டு எறங்குறது?"

அப்போதுதான் உறைத்தது. முதல் படியில் ஹெக்சோகைனேஸ் என்ற நொதி ஒரு பாஸ்பேட்டை ஒட்டி, குளுக்கோஸைச் செல்லுக்குள் பிடித்து வைக்கிறது. ஆனால் அதன் பிறகும் இறங்க வழியுண்டு. சேமிப்புச் சர்க்கரையான கிளைக்கோஜனாகலாம், பென்டோஸ் பாஸ்பேட் பாதை என்ற வேறு வழிக்குப் போகலாம். பாஸ்போஃப்ரக்டோகைனேஸ் என்ற நொதி இரண்டாவது பாஸ்பேட்டை ஒட்டும் மூன்றாம் படிதான் பாலம். சிக்னலும் அங்கேதான். ஏடிபியோ, அடுத்த கட்டச் சுழற்சியில் உருவாகும் சிட்ரேட்டோ குவிந்தால் சிவப்பு, ஏடிபி குறைந்ததைக் காட்டும் ஏஎம்பி கூடினால் பச்சை.

உவமை ஓரிடத்தில் உதைக்கும். அந்த நொதி வேலை செய்யவே ஏடிபி வேண்டும், அதே ஏடிபி எப்படித் தடுக்கும்? நொதியில் அதற்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்றில் வினை நடக்கிறது. மற்றது கட்டுப்பாட்டுக்கு, ஏடிபி மிகுந்தால்தான் அதில் போய் உட்காரும். இதை எழுதினால் திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.

இன்னொன்று. என் சித்தி மூச்சடக்கிக் கடலில் பாசி எடுப்பார். ஆக்சிஜன் போதாத தசை, பத்தாம் படியில் கிடைக்கும் பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றும். அந்த மாற்றத்தில் ஒரு ஏடிபிகூடக் கிடைக்காது. ஆறாம் படியில் எலக்ட்ரான்களை ஏற்றுச் செலவான என்ஏடியை மீட்கத்தான் அது. மீளாவிட்டால் அந்தப் படியிலேயே வண்டி நின்றுவிடும்.

ஆகவே படிக்கும்போது 1, 3, 10 ஆகிய திரும்பாத மூன்று படிகளை மட்டும் முதலில் வெறுந்தாளில் போடுங்கள். யார் தடுக்கிறார், யார் தள்ளுகிறார் என்று பக்கத்தில் எழுதுங்கள். மற்ற ஏழும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஒரு குளுக்கோஸுக்கான ஏடிபி கணக்கு சுலபம். போட்டது 2, எடுத்தது 4, நிகரம் 2. டீசலுக்கும் ஐஸுக்கும் போட்டதைக் கழித்துத்தானே நம்மூரில் மீன்பாடு பார்க்கிறோம்! ஆக்சிஜனோடு குளுக்கோஸ் முழுதும் சிதையும் முழுச் சுவாசத்துக்குப் பழைய கணக்கு 36 அல்லது 38, இப்போதைய கணக்கு 30 முதல் 32. தேர்வில் உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள எண்ணையே எழுதுங்கள். அங்கே போய் வாதாட வேண்டாம்.