கலைக்கப்பட்ட குழுவும் முடங்கிய பணமும்

காடுகளைக் காப்பதற்கென்று உலக நாடுகள் அனைத்தையும் சட்டப்படி கட்டுப்படுத்தும் தனி ஒப்பந்தம் எதுவும் இன்றுவரை இல்லை. 1992-இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டில் அதற்கான முயற்சி நடந்தது. தங்கள் காடு தங்கள் இறையாண்மைக்கு உட்பட்டது என்று மலேசியா முதலிய வளரும் நாடுகள் உறுதியாக நின்றதால், எவரையும் கட்டுப்படுத்தாத ஒரு கொள்கை அறிக்கையோடு அது முடிந்தது. பின்னர், பசுமைக்குடில் வாயு உமிழ்வைக் குறைக்க வந்த கியோட்டோ ஏற்பாட்டில், புதிதாக மரம் வளர்த்தால் கார்பன் வரவு (உமிழ்வைக் கணக்கில் ஈடுசெய்ய உதவும் சான்று) உண்டு, நிற்கும் காட்டை வெட்டாமல் விட்டால் கிடையாது என்ற விந்தையான நிலை இருந்தது. அதை மாற்றக் கோரி 2005-இல் பப்புவா நியூ கினியும் கோஸ்டா ரிகாவும் வைத்த முன்மொழிவே, காட்டை அழிக்காமல் காக்கும் வளரும் நாடுகளுக்குப் பணம் தரும் ‘ரெட் பிளஸ்’ என்ற இன்றைய ஏற்பாட்டின் தொடக்கம்.

இந்த ஏற்பாட்டின் வலிமையையும் வலுவின்மையையும் ஒருசேரக் காட்டுவது பிரேசிலின் அமேசான் நிதியம் என்பது என் கருத்து. 2008-இல் தொடங்கிய இந்த நிதியத்தை அந்நாட்டின் தேசிய வளர்ச்சி வங்கி நிர்வகிக்கிறது. பெரும்பகுதிப் பணம் நார்வேயிலிருந்து வந்தது. முந்தைய பத்தாண்டுச் சராசரியைவிடக் காடழிப்பு எவ்வளவு குறைகிறதோ அதற்கேற்ப, தவிர்க்கப்பட்ட ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு 5 டாலர் என்ற கணக்கில் நிதியம் நன்கொடை திரட்டலாம். கொடுத்தவருக்குச் சான்றிதழ் கிடைக்கும். அதை விற்கவோ தம் உமிழ்வுக் கணக்கில் கழித்துக்கொள்ளவோ இயலாது. வடகடல் எண்ணெயில் செழித்த நாடு இதற்கு உடன்பட்டதைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் காடழிப்பைக் குறைத்தது இந்தப் பணம் என்று சொல்லிவிட முடியாது. 2004-இல் 27,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியிருந்த அமேசான் காடழிப்பு, நிதியம் பிறப்பதற்கு முன்பே, செயற்கைக்கோள் கண்காணிப்பாலும் அரசின் கடும் நடவடிக்கைகளாலும் சரியத் தொடங்கிவிட்டது. 2012-இல் அது ஏறத்தாழ 4,600 ஆனது. 2019-இல் அதிபர் போல்சனாரோவின் அரசு நிதியத்தின் வழிகாட்டுக் குழுவைக் கலைத்தது. நார்வேயும் ஜெர்மனியும் பணத்தை நிறுத்தின. காடழிப்புத் தரவை வெளியிட்ட விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் ரிக்கார்டோ கால்வாவ் அதே ஆண்டு பதவியிழந்தார். 2021-இல் காடழிப்பு 13,000 சதுர கிலோமீட்டரைக் கடந்தது. வெளிநாட்டுப் பணம் நின்றுபோகும் என்ற அச்சம் அந்த அரசை இம்மியும் அசைக்கவில்லை. நிதியத்துக்கு மீண்டும் உயிர்கொடுக்க 2022-இல் உத்தரவிட்டது பிரேசிலின் உச்ச நீதிமன்றம். 2023-இன் முதல் நாளில் அதைச் செய்தது புதிய அதிபராகப் பதவியேற்ற லூலா.

2025-இல் பிரேசிலின் பெலெம் நகரில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் தொடங்கப்பட்ட வெப்பமண்டலக் காடுகளுக்கான புதிய நிதியம், நன்கொடையாளரின் மனநிலையை நம்பாமல், முதலீட்டு வருவாயிலிருந்து நிற்கும் காட்டின் ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் சுமார் 4 டாலர் தருவதாகச் சொல்கிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு பழங்குடியினருக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் உரியது. நல்ல வடிவமைப்புதான். எனினும் அரசுகளிடம் எதிர்பார்த்த 2,500 கோடி டாலரில் மூன்றில் ஒரு பங்குகூட அம்மாநாட்டில் உறுதியாகவில்லை.