பகவதி நடையில் அம்மைக்குத் திரும்பிய எழுத்து

அம்மைக்கு வாக்கு திரும்பினால் கன்னியாகுமரி பகவதி நடையில் கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்று நான் நேர்ந்தது ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து. பக்கவாதத்தில் வலது கையும் காலும் தளர்ந்துவிட்டன. அதைக்கூடத் தாங்கிக்கொண்டோம். பேச்சு போனதைத்தான் தாங்க முடியவில்லை. நாற்பது வருடமாக விடியுமுன் எழுந்து ஜபம் சொன்னவள், 'மக்களே' என்று என்னைக் கூப்பிட முடியாமல் கண் கலங்கிப் படுத்திருந்தாள்.

அம்மை சிறு பிள்ளையாக ஏடு தொடங்கியது பத்மநாபபுரம் தேவாரக்கட்டு சரஸ்வதி முன்னால். கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு பெரியவரிடம் நவாக்ஷரி, அதாவது தேவியின் ஒன்பதெழுத்து மந்திரம், உபதேசம் வாங்கினாள். ஐம், ஹ்ரீம், க்லீம் என்று மூன்று பீஜமும் (விதை எழுத்தும்), சாமுண்டாயை விச்சே என்ற ஆறு எழுத்துமாக ஒன்பது. இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கேட்டிருக்கிறேன். "விதைய கையில வச்சுக்கிட்டு அர்த்தம் கேட்டா எப்பிடி மக்களே? ஊனணும்லா" என்று சொல்லிவிட்டுப் பூ கட்டப் போய்விட்டாள்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லியும் தந்தாள். ஐம் வாக்பவ பீஜம், சரஸ்வதியுடையது, பேச்சு பிறக்கிற இடம். க்லீம் காமராஜ பீஜம், எங்கெங்கோ ஓடும் ஆசையை தேவியின் பக்கம் இழுப்பது. ஸ்ரீம் மகாலட்சுமிக்கு, தும் துர்க்கைக்கு. ஹ்ரீம் என்று வந்தால் மட்டும் அம்மை குரலைத் தாழ்த்துவாள். தேவி அதர்வசீர்ஷம் என்ற உபநிடதம் அந்த எழுத்தை நேராகச் சொல்லாமல் மறைத்துச் சொல்கிறது: ஆகாசம், அதோடு ஈகாரம், அக்னி, மேலே பாதிப் பிறை. ஆகாசத்தின் எழுத்து ஹ, அக்னியின் எழுத்து ர. ஈகாரம் சேர்ந்து, பிறையும் பிந்துவுமாக (புள்ளியுமாக) 'ம்' என்று அடங்கினால் ஹ்ரீம். புவனேஸ்வரியின் பீஜம், மாயா பீஜம் என்றும் சொல்வார்கள். லலிதா சகஸ்ரநாமத்தில் 'ஹ்ரீங்காரீ' என்ற நாமத்துக்கு அடுத்ததே 'ஹ்ரீமதீ'. ஹ்ரீ என்றால் நாணம். கன்னியாகவே நின்றுவிட்ட நம் குமரிக்கு இதைவிடப் பொருத்தமாக வேறு என்ன பேர் வைக்க முடியும்?

இப்போது போனைத் திறந்தால் பணம் வர ஸ்ரீம், வசியத்துக்கு க்லீம் என்று விலைப்பட்டியல் மாதிரி வருகிறது. மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. குரு வாயிலிருந்து காதுக்கு வரவேண்டியதை இப்படியா இறைப்பது?

சரி, பயணத்துக்கு வருகிறேன். ஐந்து மாதத்தில் அம்மைக்கு ஒன்றிரண்டு வார்த்தை வந்தது. தண்ணி, வேண்டாம், அவ்வளவுதான். மற்றதெல்லாம் 'ம்' மட்டும். பேச்சுப் பயிற்சி தருகிற பெண்ணும் உதட்டை மூடி அந்த 'ம்'மையே நீட்டச் சொன்னாள். வாக்கு முழுதாக வரட்டும் என்று காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. கார்த்திகை மாதம், சனிக்கிழமை, தக்கலையிலிருந்து கார் பிடித்துக் கிளம்பிவிட்டோம்.

கார்த்திகையில் கன்னியாகுமரி எப்படி இருக்கும் என்று தெரிந்தும் போனது என் தப்பு. சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள். காரை விட்டு இறங்குவதற்குள் இரண்டு பேர் சூழ்ந்துகொண்டார்கள். வரிசையில் நிற்காமல் கூட்டிப்போகிறேன், ஐநூறு கொடுங்கள் என்றான் ஒருவன். தளர்ந்த கையோடு சக்கர நாற்காலியில் இருப்பவளைப் பார்த்து முந்நூறுக்கு இறங்கி வந்தான். பகவதியைப் பார்க்க எனக்குத் தரகன் எதற்கு என்று சத்தம் போட்டுவிட்டேன். அம்மை என் முந்தானையை இடது கையால் இழுத்தாள், கோபப்படாதே என்று.

வடக்கு வாசலில் நாற்காலியை விட்டுவிட்டோம். தம்பி சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு பக்கம் தாங்கினான், நான் மறுபக்கம். ஒரு மணி நேரத்துக்கு மேல் வரிசை. கல்தளத்தில் அம்மையின் வலது கால் இழுபட்டு, விரல் நுனி சிராய்த்து ரத்தம் கசிந்தது. திரும்பிவிடலாமா என்று தம்பி கேட்டான். அம்மை தலையை ஆட்டிய வேகத்தைப் பார்த்து அப்புறம் அவன் வாயே திறக்கவில்லை. முன்னால் நின்ற கறுப்பு வேட்டிச் சாமிமார் இரண்டு பேர் தாங்களாகவே ஒதுங்கி வழி விட்டார்கள். அவர்கள் நன்றாயிருக்கட்டும்.

சன்னதி. உள்ளே விளக்கு வெளிச்சம் மட்டும். முதலில் மூக்குத்திதான் தெரிந்தது. பிறகு சந்தனம் பூசிய அந்தச் சிறு பெண் முகம். பிறகுதான் நான் அந்தக் கையைப் பார்த்தேன். எத்தனை தடவை வந்திருக்கிறேன், அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது போல இருந்தது. வலது கையில் ஜபமாலை. அ முதல் க்ஷ வரை எழுத்துகளே மணியாகக் கோத்தது என்பதால் அதற்கு அட்சமாலை என்று பேர். எல்லா எழுத்தும் அவள் விரலிடுக்கில் இருக்கிறது. அவளே தவம் இருக்கிறாள், அவளே ஜபம் சொல்கிறாள். என் அம்மையின் வலது கை என் கைக்குள் துணி மாதிரி கிடந்தது.

பூசை செய்யும் போற்றி தீபம் காட்டினார். அம்மையிடமிருந்து 'ம்' வந்தது. வழக்கமான 'ம்'தான் என்று நினைத்தேன். தீபம் முகத்துக்கு நேரே உயர்ந்தபோது அதற்கு முன்னால் ஒரு எழுத்து சேர்ந்தது.

"ரீம்."

ஹகாரம் வரவில்லை. அக்னி வந்துவிட்டது, ஈகாரம் வந்துவிட்டது, பிறையும் வந்துவிட்டது. மறுபடி "ரீம்." மூன்றாவது தடவை மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னாள், அந்த மூச்சிலேயே ஆகாசமும் இருந்தது. தம்பி தேம்பி அழுதான். நகருங்கள் என்று பின்னாலிருந்து தள்ளினார்கள், நகர்ந்தோம். பிரகாரம் எப்படிச் சுற்றினேன், பிரசாதம் யார் வாங்கினார் என்று எனக்கு நினைவில்லை. தாயே, என்ன கேட்டேன், நீ என்ன தந்தாய்! வார்த்தை திரும்பட்டும் என்றுதான் கேட்டேன். நீ உன் எழுத்தையே முதலில் அவள் நாக்கில் வைத்தாய்.

படகுக்குப் போகவில்லை. கரையில் நின்று ஸ்ரீபாதப் பாறை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டோம். ஒற்றைக் காலில் அவள் தவம் நின்ற இடம். அம்மை தன் சிராய்த்த காலைப் பார்த்தாள், பாறையைப் பார்த்தாள், சிரித்தாள்.

இனி மண்டைக்காட்டு பகவதிக்கு நேர்ச்சை பாக்கி. தலைவலி என்றாலே அவளுக்கு மண்டையப்பம் என்ற பலகாரம் நேருகிற ஊர்க்காரர்கள் நாங்கள். தலைக்குள் ரத்தம் அடைத்துப் பிழைத்தவளுக்கு நேராமல் இருப்போமா? மாசிக் கொடைக்குக் கூட்டம் தாங்காது, அதனால் தை முடிவதற்குள் போய்விடலாம் என்று நேற்றுப் பேசிக்கொண்டிருந்தோம். கட்டிலில் இருந்து அம்மை கை நீட்டினாள். "மக்... மக்களே, நானும்" என்றாள்.