ஒரே எண், ஏழு வரிகள்: அறிவியல் குறியீட்டுக்கு ஒரு குறிப்பேடு

சென்ற ஆண்டு அறிவியல் குறியீட்டுப் பாடம் (மிகப் பெரிய, மிகச் சிறிய எண்களை ஓர் எண்ணும் பத்தின் அடுக்குமாக எழுதும் முறை) முடிந்த வாரத்தில் திருத்துவதற்காக வீட்டுக்கு எடுத்துவந்த குறிப்பேடுகளில் ஒன்று இன்னும் என் நினைவில் நிற்கிறது. இடப்பக்கத்தில் நான் செய்யச் சொல்லியிருந்த மடிப்புக் குறிப்பு ஒட்டப்பட்டிருந்தது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்று நான்கு காகிதக் கதவுகள். ஒவ்வொன்றையும் திறந்தால் உள்ளே அதற்குரிய விதி. சுற்றிலும் ஐந்து நிறங்களில் பூ வேலைப்பாடு. விதிகளில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை, நானே அதற்கு நட்சத்திரம் போட்டிருந்தேன். எதிரே வலப்பக்கத்தில் அதே மாணவி செய்திருந்த பயிற்சியின் முதல் வரி இப்படி இருந்தது: 4.2 × 10⁵ + 3 × 10⁴ = 7.2 × 10⁹.

அவள் ஒருத்தி மட்டும் அல்லள். அன்றிரவு நான் திருத்திய குறிப்பேடுகளில் அழகானவை பல இருந்தன, அந்த அழகுக்கும் விடைகளுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. முதலில் மாணவர்களின் கவனக்குறைவு என்றே நினைத்தேன். ஆனால் ஒரே தவறு இத்தனை பேரிடம் ஒரே வடிவில் வரும்போது, அது அவர்கள் கவனிக்காததால் வந்ததன்று, நான் கற்பித்ததைக் கவனித்ததால் வந்தது என்று ஐயப்படுவதுதான் நேர்மை. பாடத்தை நான் பெருக்கலிலிருந்து தொடங்கியிருந்தேன், ஏனென்றால் அதுதான் எளிது: முன்னால் நிற்கும் எண்களைப் பெருக்கு, அடுக்குகளைக் கூட்டு. 'அடுக்குகளைக் கூட்டு' என்பதை இரண்டு நாள் திரும்பத் திரும்பக் கேட்ட காதுக்கு, மூன்றாம் நாள் கூட்டல் குறியைப் பார்த்ததும் வேறென்ன தோன்றும்?

மடிப்புக் குறிப்பின் வடிவமும் இதற்கு உடந்தையாக இருந்தது. ஒரே அளவில் நான்கு கதவுகளை வைத்தால், நான்கு தனித்தனி விதிகள் இருக்கின்றன என்று அந்தத் தாள் சொல்லிவிடுகிறது. உண்மையில் இருப்பவை இரண்டே செயல்கள். கூட்டலும் கழித்தலும் ஒரு வகை, அவற்றுக்கு அடுக்குகள் சமமாக இருந்தாக வேண்டும். பெருக்கலும் வகுத்தலும் இன்னொரு வகை, அவற்றுக்கு அடுக்குகள் எப்படி இருந்தாலும் கவலை இல்லை. இந்த இரண்டுக்கும் அடியில், அறிவியல் குறியீட்டில் ஓர் எண்ணின் மதிப்பை மாற்றாமல் அதன் தோற்றத்தை மட்டும் மாற்றுவது என்ற ஒரே திறன் இருக்கிறது. நான் அதற்கு ஒரு பக்கம்கூட ஒதுக்கியிருக்கவில்லை.

இவ்வாண்டு அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்கினேன். கட்டம் போட்ட தாளில் நடுவே தசமப் புள்ளியை அழுத்தமாக வைத்து, அதன் இருபுறமும் கத்தரியால் ஒவ்வொரு கீறல் போட்டு, எண்கள் எழுதிய ஒரு காகிதப் பட்டையை அந்தக் கீறல்களின் வழியே நுழைத்தோம். புள்ளி அசையாது, பட்டைதான் நகரும். (புள்ளியை நகர்த்து என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு இது எளிதாக வரவில்லை, முதல் வாரம் முழுவதும் நானே தவறிக்கொண்டிருந்தேன்.) பட்டையை ஓர் இடம் இடப்பக்கம் இழுத்தால் 0.456 என்பது 4.56 ஆகிறது, அதாவது பத்து மடங்காகிறது. எண்ணின் மதிப்பு மாறக்கூடாது என்றால் அந்தப் பத்தை எங்கிருந்தோ திருப்பிக் கொடுத்தாக வேண்டும். எனவே பக்கத்திலுள்ள சிறு பெட்டியில் இருக்கும் அடுக்கு ஒன்று குறைய வேண்டும்.

இந்தக் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கத்தான் வரவு செலவுப் பக்கம் வந்தது. ஒரு கோடு கிழித்து, இடப்புறம் நாங்கள் வகுப்பில் 'முன்னெண்' என்று அழைக்கும் எண்ணையும், வலப்புறம் பத்தின் அடுக்கையும் எழுதுவோம். 6 × 10⁵ என்பதை 5 × 10³ ஆல் பெருக்கினால் 30 × 10⁸ வருகிறது. சென்ற ஆண்டு இந்த இடத்தில் பாதிப் பேர் அப்படியே நிறுத்திவிட்டார்கள், மீதிப் பேரில் சிலர் 3 × 10⁷ என்று எழுதி விடையை நூறில் ஒரு பங்காக்கிவிட்டார்கள். இவ்வாண்டு அதே எண்ணை ஏழு வரிகளில் எழுதச் சொன்னேன்: 30000-க்கு எதிரே 5, 3000-க்கு எதிரே 6, 300-க்கு 7, 30-க்கு 8, 3-க்கு 9, 0.3-க்கு 10, 0.03-க்கு 11. ஏழும் ஒரே எண்தான். முன்னெண் 1-க்குக் குறையாமலும் 10-ஐ எட்டாமலும் இருக்கும் வரியைச் சுற்றி வட்டம் போட வேண்டும். அந்த ஒரு வரிக்குத்தான் அறிவியல் குறியீடு என்று பெயர். மற்ற ஆறு வரிகளும் தவறானவை அல்ல, வேலை செய்யும்போது உடுத்திக்கொள்ளும் உடைகள் என்று சொன்னேன். இது நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளப்பட்டாலும் பயன்பட்டது, ஏனென்றால் கூட்டலில் அந்த வேலை உடைதான் தேவைப்படுகிறது.

நிறங்களைப் பற்றி ஒரு சொல். முன்னெண்ணுக்கு நீலம், அடுக்குக்குச் சிவப்பு, மற்ற எல்லாம் கறுப்பு என்று வரையறுத்துவிட்டேன். வேலை இல்லாத நிறம் அந்தப் பக்கத்தில் நுழையக்கூடாது என்பதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே இருந்தேன், சிலருக்கு அதில் வருத்தமும் உண்டு. ஆனால் நீலமும் சிவப்பும் மட்டும் இருக்கும் பக்கத்தில், நீல எண் பெரிதாகும்போது சிவப்பு எண் சிறிதாவது, படிக்காமலே கண்ணுக்குத் தெரிகிறது.

பிறகுதான் கூட்டல், அதுவும் எண் பெயர்களிலிருந்து. 10⁵ என்பது இலட்சம், 10⁴ என்பது பத்தாயிரம். நான்கு இலட்சத்து இருபதாயிரத்துடன் முப்பதாயிரத்தைச் சேர்த்தால் நான்கு இலட்சத்து ஐம்பதாயிரம் என்று வகுப்பே ஒரே குரலில் சொல்கிறது. அதை 4.5 × 10⁵ என்று எழுதிவிட்டு, சென்ற ஆண்டின் விடையான 7.2 × 10⁹ என்பதைப் பெயர் சொல்லாமல் கரும்பலகையில் எழுதி, இது எவ்வளவு என்று கேட்டேன். எழுநூற்று இருபது கோடி என்று கண்டுபிடிக்கச் சற்று நேரம் ஆயிற்று, கண்டுபிடித்த பின் சிரிப்பு அடங்க அதைவிட அதிக நேரம் ஆயிற்று. இலட்சத்தையும் பத்தாயிரத்தையும் நேரடியாகக் கூட்ட முடியாது, ஒன்றை மற்றொன்றின் பெயருக்கு மாற்ற வேண்டும் என்பதை அதன்பின் நான் விதியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த மாற்றத்தைக் காட்டுவதற்காகவே ஏணியை வரைந்தோம். குறிப்பேட்டின் ஓரத்தில் நேராக ஓர் ஏணி, ஒவ்வொரு படிக்கும் ஓர் அடுக்கு. 3 × 10⁴ நான்காம் படியில் நிற்கிறது, 4.2 × 10⁵ ஐந்தாம் படியில் நிற்கிறது. கூட்ட வேண்டுமானால் இருவரும் ஒரே படியில் நிற்க வேண்டும். கீழே இருப்பது ஒரு படி ஏறினால் அதன் முன்னெண் பத்தில் ஒரு பங்காகி 0.3 ஆகிறது. இங்கே ஒரு மாணவன் எழுந்து, "ஏறினால் பெரிதாகத்தானே வேண்டும், ஏன் சிறிதாகிறது, டீச்சர்?" என்று கேட்டான். நான் வரவு செலவுப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தபோதே பின் வரிசையிலிருந்து பதில் வந்துவிட்டது: "சில்லறையைக் கொடுத்து நோட்டாக மாற்றினால் கையில் இருக்கும் எண்ணிக்கை குறையும், பணம் குறையாது." பணத்துக்கும் குறிப்பேட்டுக்கும் நோட்டு என்று ஒரே சொல் வழங்குவதை வைத்து அடுத்த ஐந்து நிமிடம் வீணாயிற்று, இருந்தாலும் அந்தப் பதிலை எல்லோரும் ஏணியின் அடியில் எழுதிக்கொண்டார்கள். என்னுடைய விளக்கத்தைவிட அது நன்றாக இருந்தது.

ஏணி வந்தபின் பாடம் நான் எதிர்பாராத ஓர் இடத்துக்கும் போயிற்று. பூமியின் நிறை 5.97 × 10²⁴ கிலோகிராம், நிலவின் நிறை 7.35 × 10²² கிலோகிராம். இரண்டையும் கூட்ட நிலவு இரண்டு படி ஏற வேண்டும், ஏறினால் அது 0.0735 ஆகிறது. கூட்டுத்தொகை 6.0435 × 10²⁴. பூமியின் நிறையை நாம் இரண்டு தசம இடம் வரைதான் எடுத்திருப்பதால் 6.04 × 10²⁴ என்று நிறுத்தலாம். அடுத்து, சூரியனின் நிறையான 1.99 × 10³⁰ கிலோகிராமுடன் பூமியைக் கூட்டச் சொன்னேன். பூமி ஆறு படி ஏறியது, ஒவ்வொரு படியிலும் ஒரு சுழியம் முன்னால் சேர்ந்து, கடைசியில் 0.00000597 என்று வந்து நின்றது. கூட்டினால் 1.99000597, இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கினால் மறுபடியும் 1.99. பூமியைச் சேர்த்தும் சூரியன் மாறவில்லை. வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது, பிறகு ஒருவன், அப்படியானால் பூமி எங்கே போயிற்று என்று உண்மையான கவலையுடன் கேட்டான். முக்கிய இலக்கங்கள், அதாவது ஓர் அளவீட்டில் நம்பி எழுதக்கூடிய இலக்கங்கள், என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்கு வாய்த்ததில்லை.

பெருக்கலுக்கு ஏணியில் அதிக வேலை இல்லை. ஒன்றோடொன்று பெருக்கப்படும் ஐந்து பத்துகளோடு மேலும் மூன்று பத்துகள் பெருக்கலில் சேர்ந்து நின்றால் எட்டுப் பத்துகள், அதாவது 10⁸, அவ்வளவுதான். வகுத்தலில்தான், அதுவும் எதிர்ம அடுக்குகள் வரும்போது, ஏணி தன் கூலியை ஈட்டியது. புரோட்டானின் நிறை 1.67 × 10⁻²⁷ கிலோகிராம், எலக்ட்ரானின் நிறை 9.11 × 10⁻³¹ கிலோகிராம். முன்னது பின்னதைப் போல் எத்தனை மடங்கு? −27 − (−31) என்று எழுதிய உடனே குறிகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும், −58 என்ற விடையை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். 10⁻⁵⁸ என்றால் எலக்ட்ரானை விடப் புரோட்டான் கற்பனைக்கு எட்டாத அளவு இலேசானது என்று பொருள், அதை எழுதிய கை அதைக் கவனிப்பதில்லை. ஏணியில் வகுத்தல் என்பது வெறும் தொலைவு: வகுக்கும் எண் நிற்கும் −31-ஆம் படியிலிருந்து வகுபடும் எண் நிற்கும் −27-ஆம் படிக்கு எத்தனை படி ஏற வேண்டும்? விரலை வைத்து எண்ணினால் நான்கு. ஏறினால் நேர்மம், இறங்கினால் எதிர்மம். 1.67-ஐ 9.11 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.183, ஆக விடை 0.183 × 10⁴. பட்டையை ஓர் இடம் இடப்பக்கம் இழுத்தால் 1.83 × 10³. ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் மடங்கு; துல்லியமாகக் கணக்கிட்டால் 1836.

விடை நம்பத்தக்கதா என்று பார்ப்பதற்கு ஒரு மூலையை ஒதுக்கியிருந்தோம். சூரியனிலிருந்து பூமிக்குள்ள தொலைவு ஏறக்குறைய 1.5 × 10¹¹ மீட்டர், ஒளியின் வேகம் நொடிக்கு 3 × 10⁸ மீட்டர். வகுத்தால் 0.5 × 10³. இதை 5 × 10² என்று திருத்தியவர்களுக்கு 500 நொடி, அதாவது 8 நிமிடம் 20 நொடி கிடைத்தது. எதிர்த்திசையில் இழுத்து 5 × 10⁴ என்று எழுதியவர்களுக்குக் கிட்டத்தட்ட 14 மணி நேரம் கிடைத்தது. ஒளி எட்டு நிமிடத்தில் வந்துசேர்கிறது என்பதை எங்கோ படித்திருந்த ஒரு மாணவி, தன் விடையைத் தானே அடித்துவிட்டு, பட்டையை எடுத்து மறுபடி இழுத்துப் பார்த்தாள். அடித்த விடையை அழிக்கக்கூடாது, ஒரு கோடு மட்டும் போட்டுப் பக்கத்தில் காரணத்தை எழுத வேண்டும் என்பதும் எங்கள் குறிப்பேட்டின் விதி. கணிப்பான் காட்டும் 'ஈ' என்ற ஆங்கில எழுத்து 'பெருக்கல் பத்தின் அடுக்கு' என்பதற்கான சுருக்கம் என்பதும் அதே மூலையில் இடம்பெற்றது, ஏனென்றால் அதைப் பார்த்து முன்னெண்ணின் தலையிலேயே அடுக்கை ஏற்றிவிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

குறைகளும் உண்டு. பட்டைகள் கிழிகின்றன, தொலைகின்றன. கீறல் போடுவதிலேயே ஒரு முழு வகுப்பு நேரம் போய்விட்டது. −31 முதல் 30 வரை 62 படிகள் எந்தப் பக்க ஓரத்திலும் அடங்கவில்லை, கடைசியில் நீளமான தாளை விசிறிபோல் மடித்துப் பின்னட்டையில் ஒட்டினோம். கழித்தலுக்கு நேரம் போதாமல், 5.02 × 10⁶ − 4.98 × 10⁶ போன்ற, விடை இரண்டு படி சரிந்து 4 × 10⁴ ஆகும் கணக்குகளை வீட்டுப்பாடமாகத் தள்ளிவிட்டேன். அது சரியான முடிவு அன்று.

எழுநூற்று இருபது கோடிக்குச் சொந்தக்காரியான மாணவி இவ்வாண்டும் என் வகுப்பில்தான் இருக்கிறாள். பாடத்தை மறுபடி பார்ப்பதற்காக அவளும் ஓர் ஏணியை மடித்து ஒட்டினாள். நிறக் கட்டுப்பாட்டை மீறி அதில் பூக்கள் இருந்தன. கண்டிக்க வாயெடுத்தபோதுதான், பூக்கள் மூன்று படிக்கு ஒன்றாக மட்டும் இருப்பதைக் கவனித்தேன். ஏன் என்று கேட்டால், அங்கேதான் பெயர் மாறுகிறது என்றாள்: மூன்றில் கிலோ, ஆறில் மெகா, ஒன்பதில் கிகா, கீழே மில்லி, மைக்ரோ, நானோ. 27-ஆம், 30-ஆம் படிகளிலும், அவற்றுக்கு நேர் கீழே −27-லும் −30-லும் பூவை வரைந்துவிட்டுப் பெயர் எழுதாமல் விட்டிருந்தாள், அவளிடமிருந்த புத்தகத்தில் பட்டியல் 24-உடன் முடிந்துவிட்டதாம். அந்தப் படிகளுக்கு 2022 நவம்பரில்தான் பெயர் வந்தது என்று சொல்லி, மேலே ரோனா, குவெட்டா என்றும் கீழே ரோன்டோ, குவெக்டோ என்றும் அவளை எழுதிக்கொள்ளச் சொன்னேன். சிவப்புப் பேனாவில்தான் எழுதினாள்.