முள்ளந்தண்டு ஊசி நாட்களில் நாங்கள் கற்றுக்கொண்டவை

பிள்ளைக்குக் குருதிப் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால் வீட்டில் எல்லோரும் கீமோவைப் பற்றித்தான் கேட்பார்கள். முடி கொட்டுமா, வாந்தி வருமா, எவ்வளவு காலம் பாடசாலைக்குப் போக முடியாது என்பார்கள். மயக்க மருந்தைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. இரண்டு வருடங்களுக்கு மேல் நீளும் இந்தச் சிகிச்சையில் முள்ளந்தண்டில் ஊசி போடுவதற்காகப் பிள்ளையைத் திரும்பத் திரும்ப மயக்க வேண்டியிருக்கிறது என்பதே பல பெற்றோருக்கு முதல் ஊசி நாளன்றுதான் தெரியவருகிறது. எங்களுக்கும் அப்படித்தான். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருப்பவர்களுக்கும், ஹட்டனிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்து கொழும்பில் அறை எடுத்துத் தங்கிப் பிள்ளையைப் பார்ப்பவர்களுக்கும் உதவும் என்று நினைத்து இதை எழுதுகிறேன்.

என் மகளுக்கு ஆறு வயதில் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. விட்டுவிட்டு வந்த காய்ச்சல், கால் நோவு, காரணமில்லாமல் தோலில் தோன்றிய நீலத் தழும்புகள், பிறகு ஒரு குருதிப் பரிசோதனை. வைத்தியர்கள் ஏ.எல்.எல். என்று சுருக்கமாகச் சொல்லும், வெண்குருதிக் கலங்களில் வேகமாக வளரும் குருதிப் புற்றுநோய் வகை. பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் மிகப் பொதுவானது அதுதான்.

குருதி உருவாகும் என்பு மச்சையில் இருக்கும் நோய்க்கு முள்ளந்தண்டில் எதற்கு ஊசி? விடுதியில் நான் கேட்ட முதல் கேள்வி இது. மட்டக்களப்பைச் சேர்ந்த ஓர் இளம் வைத்தியர் கட்டிலோரத்தில் நின்று பொறுமையாகத் தமிழில் விளக்கினார். உடம்பில் பழுதான கலம் தானாகவே செத்துவிட வேண்டும், அதற்கான ஏற்பாடு ஒவ்வொரு கலத்துக்குள்ளும் இருக்கிறது. புற்றுநோய்க் கலம் அந்த ஏற்பாட்டைத் தடுத்துக்கொண்டு வாழ்கிறது. கலம் சாகாமல் தாக்குப்பிடிக்க பி.சி.எல்.-2 என்ற புரதம் உதவுகிறது என்பதை 1988இல் மெல்போர்ன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். சிகிச்சையில் ஒவ்வொரு மருந்தும் அந்தப் பிழைப்பை ஒவ்வொரு பக்கத்திலிருந்து தாக்குகிறது. டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீரொயிட்டுகள் அடக்கிவைக்கப்பட்ட மரண ஏற்பாட்டை மீண்டும் தூண்டிவிடுகின்றன. அஸ்பராஜினேஸ், இந்தக் கலங்கள் தாமாகப் போதியளவு தயாரிக்க முடியாத அஸ்பராஜின் என்ற சத்தைக் குருதியிலிருந்து அகற்றிவிடுகிறது. மெத்தோட்ரெக்சேட், புதிய டி.என்.ஏ.யை உருவாக்கத் தேவையான போலேட் என்ற விட்டமினின் வழியை அடைக்கிறது.

ஆனால் மூளையையும் முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாணையும் சுற்றியிருக்கும் நீருக்குள், குருதியில் ஏற்றும் மருந்துகளில் பல போதிய அளவில் நுழைவதில்லை. மூளையைக் காக்கும் அதே தடுப்பு அங்கே ஒளிந்திருக்கும் புற்றுநோய்க் கலத்தையும் காத்துவிடுகிறது. 1960களின் தொடக்கத்தில் இந்த நோய் வந்த பிள்ளைகளில் 100க்கு 4 பேர் அளவில்தான் தப்பினார்கள். மருந்தில் குணமான பிள்ளைக்கு நோய் மூளைப் பக்கமிருந்து திரும்பி வந்தது. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1962இல் திறக்கப்பட்ட சென்ட் ஜூட் மருத்துவமனையில் டொனல்ட் பிங்கெலும் அவருடைய குழுவும் தலைக்குக் கதிர்வீச்சும் முள்ளந்தண்டு வழியாக மெத்தோட்ரெக்சேட்டும் கொடுத்து, அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் சிகிச்சை பெற்ற பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேரைக் காப்பாற்றிக் காட்டினார்கள். கதிர்வீச்சின் பாதிப்பு தெரியவந்த பிறகு பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது கைவிடப்பட்டது, ஊசி மட்டும் தொடர்கிறது. இன்று வசதியான நாடுகளில் 100க்கு 90 பேர் அளவில் பிழைக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் பிள்ளையின் முதுகில் ஏறும் ஊசி எனக்குக் கொடுமையாகத் தெரியவில்லை. அந்த ஊசி இல்லாததால் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் போய்விட்டார்கள்.

இந்தக் கலங்கள் அங்கே எப்படிப் போகின்றன என்பதற்கும் ஒரு விடை கிடைத்திருக்கிறது. 2018இல் நேச்சர் இதழில் வெளியான எலி ஆய்வு ஒன்று, முள்ளெலும்பின் மச்சையிலிருந்து வெளியே செல்லும் நுண்ணிய குருதிக் குழாய்களின் மேற்பரப்பை, பந்தற்காலைப் பற்றி ஏறும் கொடியைப் போல இவை பற்றிக்கொண்டு ஊர்ந்து போகின்றன என்று காட்டியது. இதை வாசித்த இரவு நான் தூங்கவில்லை. பயத்தினால் அல்ல. எதிரி எந்த வழியால் வருகிறான் என்று ஒருவர் தேடிக் கண்டுபிடித்திருக்கிறாரே என்ற நன்றி.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். முதல் ஊசிக்கு முன் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். சில பிள்ளைகளுக்கு நெஞ்சுக்கூட்டின் நடுவில் நிணநீர்க் கட்டி பெருத்திருக்கும், மயக்கிப் படுக்கவைத்தால் அது மூச்சுக்குழாயை அழுத்தலாம் என்பதுதான் காரணம். குருதியை உறையவைக்கும் சிறுதட்டுகளும் மகளுக்கு மிகக் குறைந்திருந்தன. அந்த நிலையில் ஊசி குத்தினால் முள்ளந்தண்டுக்குள் குருதி கசியலாம், கசியும் குருதியோடு புற்றுநோய்க் கலமும் அந்த நீருக்குள் போய்விடலாம். ஆகவே சிறுதட்டுகளை ஏற்றிவிட்டுத்தான் ஊசி என்றார்கள். என் அண்ணாவும் அவருடைய அலுவலக நண்பர்களும் நாரஹேன்பிட்டியில் உள்ள தேசிய குருதி மாற்று நிலையத்துக்குப் போய்த் தானம் செய்தார்கள். முகம் தெரியாத யாரோ கொடுத்ததுதான் என் பிள்ளைக்கு ஏறியது. கொழும்பில் இருப்பவர்கள் இதை வாசித்தால், ஒரு முறை அங்கே போய்வாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்று கொடுத்த மயக்க மருந்து கெட்டமின். மூச்சை அதிகம் அடக்காத, குருதி அழுத்தத்தைத் தாழ்த்தாத, பல காலமாகப் பழகிய நல்ல மருந்து. ஊசி போட்டு முடிய அதிக நேரம் எடுக்கவில்லை. ஆனால் விழித்தெழுந்த மகள் என் மகளாக இல்லை. கண்மணிகள் இரு பக்கமும் ஆடின. வாயில் எச்சில் வழிந்தது. சுவர் தன்மேல் விழுகிறது என்று கத்தினாள். நான் கையைப் பிடிக்க, "நீ என் அம்மா இல்லை" என்று தள்ளினாள். தாதி சிங்களத்தில் ஏதோ சொல்லி விளக்கை மங்கலாக்கி, என்னைப் பேசாமல் பக்கத்தில் இருக்கும்படி சைகை காட்டினார். சிறிது நேரத்தில் அடங்கி, தண்ணீர் கேட்டு, என்னை அம்மா என்று கூப்பிட்டாள். கெட்டமினுக்குப் பிறகு இப்படி நடப்பது தெரிந்த விஷயம்தான், தானாகவே தெளிந்துவிடும் என்று பிறகுதான் எனக்கு விளக்கினார்கள். அதை முதலிலேயே ஒரு வரியில் சொல்லியிருந்தால் என் பாதிப் பயம் குறைந்திருக்கும். பெற்றோரிடம் இதைச் சொல்வதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அன்று மாலை ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினேன். என்ன மருந்து கொடுத்தார்கள், எத்தனை மணிக்கு, எப்படி விழித்தாள், எப்போது வாந்தி எடுத்தாள், எப்போது சாப்பிட்டாள் என்று ஒவ்வொரு முறையும் எழுதினேன். அடுத்த தடவை மயக்க மருந்து நிபுணர் வந்தபோது அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவர் முழுவதையும் வாசித்தார். அன்று புரோபோபோல் என்ற வேறு மயக்க மருந்தைக் கொடுத்தார். கையில் ஏறும்போது எரியும், அதற்கு முன்பே குருதி நாளத்தில் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் கொஞ்சம் விடுகிறேன் என்றார். மூச்சையும் குருதி அழுத்தத்தையும் இது குறைக்கக்கூடும், அதனால்தான் ஒட்சிசனும் கண்காணிப்புக் கருவியும் என்றும் சொன்னார். மகள் சாதாரணமாகத் தூங்கி எழுந்ததுபோல எழுந்து பசிக்கிறது என்றாள்.

பசி. இந்தச் சிகிச்சையில் என்னை மிக வாட்டிய சொல் அதுதான். திட உணவு 6 மணித்தியாலத்துக்கு முன் நிற்க வேண்டும், தெளிந்த நீர் 2 மணித்தியாலத்துக்கு முன். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிராபத்து. காரணம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் டெக்சாமெத்தசோன் குடிக்கும் பிள்ளைக்கு அந்தப் பசி வேறு. விடிகாலை எழுந்து இடியப்பமும் சொதியும் கேட்டு அழும். மாமி தாங்க முடியாமல், "ஒரு துண்டு பாண் கொடுத்தால் என்ன?" என்பார். நாங்கள் செய்தது இதுதான்: முதல் நாள் இரவு நேரம் தாழ்த்தி நன்றாகச் சாப்பிடக் கொடுத்தோம். தெளிந்த நீர் எத்தனை மணி வரை என்பதை முதல் நாளே கேட்டு எழுதி, காலையில் அந்த நேரம் வரை குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தோம். பாலும் பால்தேநீரும் தெளிந்த நீரில் சேராது. வீட்டில் மற்றவர்களும் அவள் முன்னால் சாப்பிடவில்லை. இன்று யார் முதலாவது என்று கேட்டு, சின்னப் பிள்ளைகளை முதலில் எடுக்கும்படி தாதிமாரிடம் வேண்டிக்கொண்டோம். பெரும்பாலும் கேட்டார்கள்.

சளி, இருமல் இருந்தால் மறைக்காதீர்கள். ஊசி தள்ளிப்போய்விடும் என்ற பயத்தில் சிலர் சொல்வதில்லை. சளி பிடித்த பிள்ளையின் குரல்வளை மயக்கத்தில் இறுகிக்கொள்ளும் அபாயம் கூடுதல். தள்ளிப்போடுவதா இல்லையா என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும்.

இன்னொரு கேள்வியை நானாகவே கேட்டேன். சிரிப்பு வாயு என்று சொல்லப்படும் நைட்ரஸ் ஒக்சைட் விட்டமின் பி12ஐச் செயலிழக்கச் செய்கிறது. அதே வழியில்தான் மெத்தோட்ரெக்சேட்டும் போலேட்டைத் தடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் நச்சுத்தன்மை கூடலாம். நிபுணர் உடனே, "இந்தப் பிள்ளைகளுக்கு நாங்கள் அதைத் தவிர்க்கிறோம்" என்றார். கேட்டதற்காக அவர் முகம் சுளிக்கவில்லை. பயந்து பயந்து கேட்ட எனக்கு அது பெரிய தைரியம் தந்தது.

இவ்வளவு முறை மயக்குவதால் மூளைக்கு என்ன ஆகும் என்பதுதான் எல்லாவற்றிலும் கனமான கேள்வி. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016இல் வெளியிட்ட எச்சரிக்கை 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு நீண்ட நேரமோ திரும்பத் திரும்பவோ கொடுக்கும் மயக்கத்தைப் பற்றியது. என் மகள் அந்த வயதைத் தாண்டியவள். ஆனால் சென்ட் ஜூட்டில் இந்த நோயிலிருந்து மீண்டவர்களை நீண்ட காலத்துக்குப் பின் சோதித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், கூடுதலாக மயக்க மருந்து பெற்றவர்களிடம் கவனம், சிந்தனை வேகம் போன்றவற்றில் குறைவு கூடுதலாகக் காணப்பட்டது. மயக்க மருந்துதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. மெத்தோட்ரெக்சேட்டும் மூளையைத் தொடும் மருந்துதான். இதைக் கொண்டுபோய்க் கேட்டபோது வைத்தியர் சொன்னது நியாயமாகப் பட்டது: "ஊசியைக் குறைக்க முடியாது, மயக்கத்தைக் குறைக்க முடியும்." என்பு மச்சைப் பரிசோதனையையும் முள்ளந்தண்டு ஊசியையும் முடிந்த போதெல்லாம் ஒரே மயக்கத்தில் செய்தார்கள். பிள்ளை வளர்ந்து ஒத்துழைத்தால், தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பும் சிறிய ஊசியும் மட்டும் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இதற்கிடையில் வெளிநாட்டு உறவினர் ஒருவர், மயக்க மருந்து புற்றுநோயைப் பரப்பும் என்று ஒரு குரல் செய்தி அனுப்பினார். ஆய்வுகூடத் தட்டில் வளர்த்த கலங்களில் மயக்க மருந்துகள் பலவிதமான விளைவுகளைக் காட்டுகின்றன, உண்மைதான். ஆனால் மனிதர்களில் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை பெற்ற 2,000க்கு மேற்பட்ட பெண்களில், வாயு மயக்கம் பெற்றவர்களுக்கும் புரோபோபோலுடன் உடம்பின் ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்யும் மருந்து பெற்றவர்களுக்கும் இடையில் நோய் திரும்பி வருவதில் வித்தியாசம் இல்லை என்று 2019இல் லான்செட் இதழில் வந்தது. அது குருதிப் புற்றுநோய் அல்ல. என்றாலும் குரல் செய்தியை நம்பி ஊசியை நிறுத்துவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அவருக்கு மரியாதையாகப் பதில் எழுதினேன்.

ஊசிக்குப் பிறகு ஒரு மணித்தியாலமாவது தட்டையாகப் படுக்கவையுங்கள், மருந்து மேலே பரவ அது உதவும். எழுந்து உட்கார்ந்தால் தலையிடித்து, படுத்தால் குறைந்தால் அது ஊசித் துளையால் நீர் கசிவதால் வரும் தலையிடி. பொதுவாகச் சில நாட்களில் மாறிவிடும், ஆனாலும் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தால் மட்டும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். இன்னொன்று: வின்கிறிஸ்டின் குருதி நாளத்தில் மட்டுமே ஏற்ற வேண்டிய புற்றுநோய் மருந்து, முள்ளந்தண்டில் போனால் உயிரைக் குடிக்கும். அதனால்தான் இரண்டையும் நேரமும் இடமும் பிரித்துக் கொடுக்கிறார்கள். மருந்தின் பெயரை உரக்க வாசித்துச் சரிபார்க்கும்போது நீங்களும் கூட நின்று கேளுங்கள்.

முதல் கட்டம் முடிந்தபோது, 10,000 கலங்களில் ஒன்று மிஞ்சியிருந்தாலும் காட்டிக்கொடுக்கும் பரிசோதனையைச் செய்தார்கள். எதுவும் தெரியவில்லை. பிறகும் ஏன் இவ்வளவு காலம் மருந்து என்று என் கணவர் கேட்டார். பரிசோதனைக்குத் தெரியாத அளவில் மிஞ்சியிருப்பதும் மீண்டும் பெருகக்கூடும் என்றார் வைத்தியர். இப்போது பராமரிப்புக் கட்டத்தில் இருக்கிறோம். ஊசிகளுக்கு இடையே வாரங்கள் கூடிவிட்டன. மகள் பாடசாலைக்குத் திரும்பிவிட்டாள். அடுத்த ஊசிக்குக் களிம்பை மட்டும் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்கப்போகிறேன், கேள்வியைக் கொப்பியில் எழுதிவைத்தாயிற்று.