கேட்கிற இருதயம்

ஜனவரி 1, 2025, புதன்

நள்ளிரவு ஆராதனை முடிந்து வீடு வந்து சேர ரெண்டு மணி ஆகிவிட்டது. புதுவருஷத்துக்கு ஆளுக்கொரு வேதவசனம் எழுதிக் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டையில் எனக்கு வந்தது சங்கீதம் 32:8. "நான் உனக்குப் போதித்து, நீ நடக்கவேண்டிய வழியை உனக்குக் காட்டுவேன்." ஆலய வாசலிலேயே கண் கலங்கிவிட்டது. அப்பாவின் ரப்பர் தோட்டம், எங்கள் விளைதான் மனதில் ஓடியது. அண்ணன் விற்கவேண்டும் என்கிறார், நான் கூடாது என்கிறேன். ஜூன் மாதத்திலிருந்து பேச்சில்லை. கர்த்தரே வழி காட்டுவேன் என்றுவிட்டார், இனிக் கவலையில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். "படுத்து உறங்கு மக்ளே" என்றார் அம்மா.

ஜனவரி 3, வெள்ளி

காலை ஜெபத்தில் அந்தச் சங்கீதத்தை முழுதாக வாசித்தேன். அட்டை எட்டாம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. அடுத்த வசனம், கடிவாளம் போட்டு இழுத்தால்தான் கிட்டே வருகிற புத்தியில்லாத குதிரையைப் போலவும் கோவேறு கழுதையைப் போலவும் இருக்கவேண்டாம் என்கிறது. இதை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை.

வெகுநேரம் அந்தப் பக்கத்தை மூடவே இல்லை. வழி காட்டும் ஆண்டவரே என்று ஆறு மாதமாக முழங்கால் போடுகிறேன். ஆனால் எந்த வழி என்பதை முன்னமே நானே முடிவு செய்துவிட்டேன். "ஆமா, நீ சொல்வதுதான் சரி" என்று அவர் சொல்வதற்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 5, ஞாயிறு

இன்று பிரசங்கம் 1 இராஜாக்கள் 3. கிபியோனில் கர்த்தர் சாலொமோனிடம் நீ விரும்புகிறதைக் கேள் என்கிறார். நம் வேதாகமத்தில் அவன் "ஞானமுள்ள இருதயத்தை" கேட்கிறான். எபிரெயத்தில் அந்த இடத்தில் இருப்பது "கேட்கிற இருதயம்" என்று போதகர் சொன்னார். பைபிளின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன். அப்புறம் ஆராதனை முடியும்வரை வேறெதுவும் மனதில் ஏறவில்லை.

யார் சொல்வதைக் கேட்கிற இருதயம்? கர்த்தர் சொல்வதை மட்டுமா? சாலொமோன் கேட்டது ஜனங்களை நியாயம் விசாரிக்க. அப்படியானால் எதிரே நிற்கிற மனுஷர் சொல்வதையும் கேட்கவேண்டும். அடுத்த பகுதியிலேயே இரண்டு ஸ்திரீகள் ஒரு குழந்தைக்காக வந்து நிற்கிறார்கள். அவன் இரண்டு பேரையும் பேசவிடுகிறான். நான் அண்ணனைப் பேசவிட்டேனா?

ஜனவரி 11, சனி

மயிலாடியில் சித்தி வீட்டில் ஒரு விசேஷம். பஸ் இறங்கியதுமே உளிச் சத்தம். 1806-ல் மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் வந்த ஊர் என்று எங்கள் சபைக்காரருக்கு மயிலாடி ஒரு விதம். சிலைக்காக வருகிறவர்களுக்கு வேறு விதம். ஒரு பட்டறையில் பெரியவர் ஒருவர் ஒரு சிலையின் முகத்தில் மூக்கை மட்டும் கொத்திக்கொண்டிருந்தார். நாலு தட்டு, ஊதித் தூசியை நீக்கி விரலால் தடவிப் பார்ப்பது, மறுபடி நாலு தட்டு.

யாத்திராகமம் 31-ல் பெசலெயேல் என்ற கைவினைஞனை தேவ ஆவியினால் நிரப்பி ஞானம் கொடுத்தேன் என்று கர்த்தர் சொல்வது, கல்லும் மரமும் பொன்னும் வேலை செய்வதற்கு. ஞானம் என்றால் தலைக்குள் இருப்பது என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். அவருடைய விரலைப் பார்த்தபோது அந்த வசனம் கொஞ்சம் புரிந்தது.

ஜனவரி 14, செவ்வாய்

பக்கத்து வீட்டு அக்கா ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்குப் போய்விட்டு வந்தார்கள். 1752-ல் இதே நாளில்தான் கிறிஸ்தவராக மாறிய தேவசகாயம் பிள்ளையை அங்கே சுட்டுக் கொன்றார்கள். அவர் கத்தோலிக்கப் புனிதர், நாங்கள் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) என்றாலும் அவர் கதை கேட்டு வளர்ந்தவர்கள்தான். ஆடுமாடும் சொத்தும் போய் மனம் நொந்திருந்தவருக்கு திருவிதாங்கூர் படையின் டிலனாய் தளபதி எடுத்துச் சொன்னது யோபுவின் கதை. அதை அவர் கேட்டார். அவருடைய விசுவாசம் அங்கேதான் தொடங்கியது.

ராத்திரி யோபு 28 வாசித்தேன். மனுஷன் மலையைக் குடைந்து வெள்ளியும் பொன்னும் எடுத்துவிடுகிறான். "ஞானம் கண்டெடுக்கப்படுவது எங்கே? புத்தி விளைகிற இடம் எது?" பதில் கடைசி வசனத்தில்: ஆண்டவருக்குப் பயப்படுவதே ஞானம், பொல்லாப்பைவிட்டு விலகுவதே புத்தி. ஆறு மாதம் கூடப்பிறந்தவரிடம் பேசாமல் இருப்பது பொல்லாப்பு இல்லாமல் வேறென்ன?

ஜனவரி 20, திங்கள்

விடியுமுன் விளைக்குப் போனேன். பால் வெட்டுகிற மாமா நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு ஆறாவது மரத்தில் நின்றார். கத்தி போன தடத்தில் பட்டை ரிப்பன் மாதிரி சுருண்டு விழ, பின்னாலேயே பால் பொட்டு பொட்டாக எழும்பி, சரிவில் ஓடிச் சிரட்டையில் சொட்டியது. கொஞ்சம் ஆழம் போனால் தடியில் காயம் பட்டு அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும், ஆழம் குறைந்தால் பால் வராது.

"எப்படி மாமா அளவு தெரியும்?"

"கை சொல்லும் மக்ளே. மரத்துக்கு மரம் மாறும்."

அப்புறம் கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அண்ணனுக்குச் சொகந்தானா?" தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

அண்ணனுக்கு மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை லீவு. யாக்கோபு 1:5-ஐ வாசித்துவிட்டு போன் பண்ணினேன். ஞானம் குறைவாயிருந்தால் தேவனிடம் கேள் என்கிற அந்த வசனத்தில் தேவனை "ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்" என்று எழுதியிருக்கிறது. இவ்வளவு தாமதமாகக் கேட்கிறாயே என்று அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. நான் மட்டும் அண்ணனை எப்படிக் கடிந்துகொள்வது?

முதலில் இரண்டு பேரும் அழுதோம். அப்புறம் அண்ணன் பேசினார், நான் குறுக்கே பேசவில்லை. நாலு மாதமாகச் சம்பளம் வரவில்லையாம். மகள் காலேஜ் பீஸுக்கு வட்டிக்கு வாங்கியிருக்கிறார். அம்மா தாங்கமாட்டார் என்று யாரிடமும் சொல்லவில்லை. விளையை விற்பது பணத்தாசை என்று ஜூனில் நான் முகத்துக்கு நேரே சொன்னது நினைவுக்கு வந்தது. மன்னிப்புக் கேட்டேன்.

விளையை என்ன செய்வது என்று இன்று பேசவில்லை. அடுத்த வெள்ளி பேசலாம் என்றோம். அதற்குள் அம்மா அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு வந்து, "இங்க தா" என்று போனை வாங்கிக்கொண்டார்.